வெள்ளத்துக்கு முன்பே வந்து சேர்ந்த மருந்து

என் மகன் ஜெரின் தவழத் தொடங்கியிருந்த சமயம். ஒருநாள் காலையில் குளிப்பாட்டுவதற்காகச் சட்டையைக் கழற்றினேன். அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீலம் பாரித்திருந்தது. முந்தின நாள் அவனுடைய அப்பா அவனைத் தூக்கிக் கொஞ்சியிருந்தார். அவருடைய விரல்கள் பிடித்த இடங்கள் அப்படியே பதிந்து கிடந்தன.

அவனை மடியில் போட்டுக்கொண்டு சத்தம் போட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த என் அம்மா எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, இது நம்ம அமலனுக்கு வந்ததுல்லா" என்றாள்.

அமலன் என் அண்ணன். அவனைப் பற்றிச் சொல்லாமல் ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்களுக்குச் சொல்ல முடியாது.

எங்களுக்குத் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அப்பா படகில் தொழிலுக்குப் போனார். அண்ணனுக்கு இரத்தம் உறையாது. ஹீமோபிலியா என்ற பெயரெல்லாம் எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. லேசாக இடித்துக்கொண்டால் போதும், முட்டுக்கு உள்ளேயே இரத்தம் கசிந்து கால் இளநீர்க்காய் மாதிரி வீங்கிவிடும். அப்பா மீனுக்குப் போடுகிற ஐஸைத் துண்டில் முடிந்துகொண்டு கரையிலிருந்து ஓடி வருவார். அதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். உருகின தண்ணீர் பாயெல்லாம் நனைத்துவிடும். வீடு முழுக்கச் சாளை மீன் வாசம் அடிக்கும். அந்த ஈரப்பாயில் படுத்துக்கொண்டு அண்ணன் எனக்குக் கதை சொல்லுவான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோவில் மைதானத்தில் கால்பந்து நடக்கும். அண்ணன் பந்தைத் தொடக்கூடாது. ஆனால் மைக் அவன் கையில்தான் இருக்கும்.

"பந்து இப்பம் சூசையிட்ட இருக்கு... ஏலே சூசை, அங்கன யாருக்குலே தள்ளுத? அங்கன ஒம் மச்சானா நிக்கான்?"

மைதானமே சிரிக்கும். எதிரணிக்காரர்கள் பந்தை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நான் அவன் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பேன். கடல்காற்று மைக்கில் மோதி உஸ்ஸென்று இரையும். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான சாயங்காலங்கள் உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை.

அண்ணன் தன் பத்தொன்பதாவது வயதில், படகுகள் நிற்கும் இடத்தில் கால் வழுக்கி விழுந்தான். தலையில் அடி. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. தூத்துக்குடிக்கு வேனில் கொண்டுபோகும்போது பேசிக்கொண்டே வந்தான். பாதி வழியில் பேச்சு நின்றுவிட்டது. அம்மா அன்றைக்கு வேனுக்குள் மாதாவைக் கூப்பிட்ட கூப்பாடு இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த நோய்தான் இப்போது என் மடியில் கிடந்தது.

பாளையங்கோட்டையில் அரசு ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து உறுதியாகச் சொன்னார்கள். தாய் வழியாகப் பெரும்பாலும் ஆண்பிள்ளைக்கு இறங்குகிற நோய் என்று டாக்டரம்மா விளக்கினார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். நான்தான் கொடுத்தேன், என் இரத்தம்தான் கொடுத்தது என்று புலம்பினேன். என் வீட்டுக்காரர் சேவியர் வாழைக்காய் மண்டியில் வேலை பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார்.

"என்னளா பேசுத? நீ குடுத்தது நோய் மட்டுமா? அவன் மூக்கப் பாரு, சிரிப்பப் பாரு. அதும் நீ குடுத்ததுதான்" என்றார்.

அண்ணன் காலத்தில் இல்லாத ஊசி இப்போது இருந்தது. உறைவதற்கு வேண்டிய, இவன் உடம்பில் குறைவாயிருக்கிற சத்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். நாங்கள் குடியிருக்கிற ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ் ஏறி ஓடுவோம். போட்டால் வீக்கம் வடிந்துவிடும். சில வருஷங்கள் அப்படிப் போயின. கொரோனா முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒருநாள், ஊசி போட்டும் வீக்கம் வடியவில்லை. மறுநாளும் வடியவில்லை.

"இவன் ஒடம்பு மருந்தையே எதிரின்னு நெனச்சு அழிச்சிருதும்மா. சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகும்" என்றார் டாக்டரம்மா.

அந்த வருஷம் இடுப்புக்குள் இரத்தம் கட்டியது. ஜெரின் காலை நீட்ட முடியாமல் மாதக்கணக்கில் படுத்துக்கிடந்தான். வேறொரு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் கேட்டது, கொஞ்சம் கேட்கவில்லை. ஜன்னல் வழியே தெருவில் விளையாடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்கிறேன். அப்போது நான் செய்தது செபம் இல்லை, சண்டை. ஆண்டவரே, எங்க அம்மா கேட்டதை நீர் அவளுக்குக் கொடுக்கவில்லை, எனக்கும் அப்படித்தானா என்று கேட்டேன். செபமாலையைக் கையில் எடுத்தால் பாதியில் நின்றுவிடும். பீடத்துக்கு முன்னால் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டுவிட்டார். புது மருந்து ஒன்று ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறது, ஜெரினுக்குப் பொருந்தும் என்றார். நரம்பில் ஏற்ற வேண்டாம், தோலுக்கடியில் போட்டால் போதும் என்றார். எனக்குப் புரியும்படி சொல்லுங்கள் என்றேன். அவர் ஜெரினைப் பார்த்துச் சொன்னார்.

"ரத்தம் ஒறையணும்னா கொஞ்சப் பேரு வரிசையா கைகோத்து நிக்கணும். ஒனக்கு நடுவுல ஒரு ஆள் இல்ல. அதான் வரிச அந்துபோகுது. இந்த மருந்து அந்த எடத்துல போயி நிக்கும்."

"அப்பம் மருந்துக்குக் கை இருக்கா?" என்று கேட்டான்.

"ரெண்டு கை இருக்குலே! ஒரு கையால இந்தப் பக்கத்து ஆளப் பிடிக்கும், மறு கையால அந்தப் பக்கத்து ஆளப் பிடிக்கும்."

பெரிய பெரிய எஃகுக் கலங்களில் உயிரணுக்களை வளர்த்து, அவற்றைக்கொண்டு இந்த மருந்தைச் செய்கிறார்களாம். கேட்க அதிசயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எத்தனையோ ஊசி பார்த்தாயிற்று. செபமாலை மாதமான அக்டோபரில் முதல் ஊசி போட்டார்கள். நன்றி சொல்லக்கூடத் தோன்றாமல் வீட்டுக்கு வந்தேன்.

அதே வருஷம் டிசம்பரில்தான் எங்கள் தாமிரபரணியில் அந்தப் பெருவெள்ளம் வந்தது. கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டிக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை விடவே இல்லை. மறுநாள் பகலில் தெருவுக்குள் ஆறு வந்துவிட்டது. பக்கத்து மாடிவீட்டு வடிவக்கா மேலேயிருந்து சத்தம் போட்டார்.

"ஜெசிந்தா, பிள்ளையத் தூக்கிட்டு மேல வா! சாமானப் பாக்காத!"

சேவியர் முன்னால் போனார். ஜெரின் நடுவில். நான் பின்னால். படியெல்லாம் சேறு. "பைய ஏறுலே, பைய" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். என் கண்முன்னேயே அவன் கால் வழுக்கிற்று. படி விளிம்பில் தொடை மோதிய சத்தம் மழைக்கு மேலாகக் கேட்டது.

கரண்டு இல்லை. போன் இல்லை. நான்கு பக்கமும் தண்ணீர். ஆஸ்பத்திரி இருக்கிற திசைகூடத் தெரியவில்லை. அண்ணன் போன வேனாவது ஓடிற்று. எனக்கு அதுவும் இல்லை.

அவனை ஒரு பாயில் கிடத்தி, அடிபட்ட தொடையில் கையை வைத்தேன். அண்ணனுக்கு வீங்குவதை அதே மாதிரி கை வைத்துப் பார்த்தவள் நான். முதலில் சூடு வரும். பிறகு தோல் விறைக்கும். அதற்காகக் காத்திருந்தேன். செபம் சொல்ல வாய் வரவில்லை. ஆண்டவரே, ஆண்டவரே என்பதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

வடிவக்கா பக்கத்தில் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "நான் எங்க அம்மங்கிட்ட கேட்டுட்டேன். நீ உங்க மாதாகிட்ட கேளு. யாராவது ஒருத்தி வராமலா போவா?" என்றார்.

சாயங்காலம் ஆயிற்று. தொடையில் சூடு இல்லை. என் கைதான் மரத்துப்போயிற்று என்று நினைத்து, சேவியரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் இரண்டு கால்களையும் மாறிமாறித் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுபோலதான் இருக்கு" என்றார்.

ஜெரின் கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்கி" என்றான்.

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. இனிமேல் யாரும் வரவேண்டியதில்லை. நான் அந்த மாடியில் கதறிக் கேட்ட உதவியை ஆண்டவர் அக்டோபரிலேயே அனுப்பிவிட்டார். ஆறு பெருகுவதற்கு முன்பே, நான் வாய் திறப்பதற்கு முன்பே, அது என் பிள்ளையின் தோலுக்கடியில் இறங்கி, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. நான்தான் பார்க்காமல் இருந்துவிட்டேன். அந்த ஈரத் தரையில் நெற்றியை வைத்து அழுதேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு, செபம் பாதியில் நிற்காமல் வந்தது.

வெள்ளம் வடியத் தொடங்கியதும் கடற்கரைக்காரர்கள் படகு கொண்டுவந்து எங்களை ஏற்றிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "மேல கன்னிப்போனதோட சரி. உள்ள ஒண்ணுமே இல்லம்மா" என்றார்.

இன்றும் குறித்த நாளில் ஊசி போட்டு வருகிறோம். நோய் அவனைவிட்டுப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அது பொய்ச் சாட்சி ஆகிவிடும். ஆனால் பயம் எங்கள் வீட்டை ஆளவில்லை. அமலன் அண்ணனுக்கு ஏன் இது கிடைக்கவில்லை என்று ஆண்டவரிடம் இப்போதும் கேட்கிறேன். பதில் வரவில்லை. கேட்பதை நான் விடவும் இல்லை. எந்த நாட்டிலோ, எந்தக் கண்ணாடி அறையிலோ வருஷக்கணக்காக உட்கார்ந்து இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்களின் முகம் எனக்குத் தெரியாது. செபமாலையில் பத்து மணிகள் தினமும் அவர்களுக்குத்தான்.

நோயோடு போராடும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இதை வாசிக்கிற தாய்மாரே, முழங்காலில் நில்லுங்கள். எழுந்து ஆஸ்பத்திரிக்கும் போங்கள். இரண்டிலும் அவர் இருக்கிறார். நீங்கள் கேட்கப் போவதை அவர் ஏற்கெனவே அனுப்பியிருக்கலாம்.

போன மாதம் ஜெரின் பள்ளிக்கூடத்திலிருந்து முழங்கால் சிராய்த்து வந்தான். வாசலில் நின்று, "கீழ விழுந்துட்டேம்மா" என்றான். நான் பார்த்தேன். தோசைக்கல்லில் தோசை கிடந்தது.

"போயி சோப்பு போட்டுக் கழுவுலே" என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டேன்.