ஒரே மாடல் கிடார், ரெண்டு சத்தம்

நானும் நண்பன் ஜெரால்டும் ஒரே கடையில், ஒரே மாடல் எலக்ட்ரிக் கிடார் வாங்கினோம். என்னுடையது கணீரென்று ஒலிக்கும். அவனுடையது, போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் இருக்கும்.

"மரம் சரியில்லலே. கம்பிச் சத்தத்த வாங்குத பிக்கப்பும் மட்டம். வித்துரப் போறேன்" என்று இன்று திரேஸ்புரத்தில் அவன் வீட்டுக்குப் போனபோது புலம்பினான்.

கிடாரை வாங்கி மீட்டிப் பார்த்தேன். விரல் வழுக்கியது.

"என்னத்தலே தடவிருக்க?"

"தேங்காயெண்ணெ. உப்புக்காத்துல கம்பி துருப்பிடிச்சிரும்லா? வாராவாரம் போடுதேன்."

எண்ணெயும் அழுக்கும் அப்பிய கம்பி எப்படிக் கணீரென்னும்? அதைக் கழற்றி, கிடாரைத் துடைத்துவிட்டுப் புதுக் கம்பி மாட்டினோம்.

இப்போது அவன் கிடார் என்னுடையதைவிடக் கணீரென்று ஒலிக்கிறது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து யோசிக்கிறேன். என் கிடாரில் கடையில் மாட்டித் தந்த அதே கம்பிதான் இன்னும் இருக்கிறது; அப்போ மரம்தான் சரியில்லை போல. விவரம் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.