குங்குமம் வைத்த ஒயர்

பிளஸ் ஒயர் எது, மைனஸ் ஒயர் எது என்று தெரிவதற்காகப் பிளஸ் முனையில் அம்மன் குங்குமம் கொஞ்சம் தடவி வைப்பது என் வழக்கம். அடையாளமும் ஆச்சு, காப்பும் ஆச்சு. என்னோடு தொழில் செய்த சகலையும், அதாவது என் வீட்டுக்காரியின் தங்கையைக் கட்டியவனும், அதையே பிடித்துக்கொண்டான். இன்றைக்கும் அந்தக் குங்கும முனையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கோவில்பதாகையில் எங்கள் அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு எட்டு வருடம் நான்தான் மைக்செட். தொண்ணூறுகளில் சகலை தனியாக செட் வாங்கினான். வாங்கட்டும். ஆனால் கோயில் தலைவரிடம் போய், "நைனா, அவன் குடிச்சிட்டு வந்து, அம்மன் பாட்டு ஓடிக்கினு இருக்கும்போதே தூங்கிட்டான்" என்று சொன்னானே, அதை நான் மன்னிக்கவில்லை. ஆடி மாதம் முழுக்க வெங்காயம்கூடச் சேர்க்காதவன் நான். தலைவர் என் முகத்தைப் பார்க்காமலே, "இந்த வருஷம் அவரே போடட்டும்பா" என்றார்.

கூழ் ஊற்றும் ஞாயிறு காலை கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அவனைக் கவிழ்க்கத்தான் போனேன். பாட்டும் பேச்சும் வரும் பெட்டிகளைச் சாரத்தில் ஏற்றியிருந்தான். மேளத்தின் அடியை நெஞ்சில் இறக்கும் பேஸ் பெட்டிகள் தரையில் இருந்தன. இரண்டும் ஒன்றாக மூச்சு விட வேண்டும். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றுவிடும். பம்பை அடித்தால் தகர டப்பா மாதிரி கேட்கும். அவன் கற்பூரம் ஏற்ற உள்ளே போன நேரம், ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனிந்து பேஸ் ஒயரை மாற்றிப் போட்டேன். குங்கும முனை மைனஸில். "தாயே, அவன் மானம் போகணும்" என்று வேண்டிக்கொண்டே திருகை முறுக்கினேன்.

பம்பைக்காரர் முதல் அடி அடித்தார். என் நெஞ்சு அதிர்ந்தது. கூழுக்கு நின்ற பெண்களின் கையில் சொம்பு அதிர்ந்தது. எட்டு வருடத்தில் நான் ஒரு நாளும் கொடுக்காத அடி! தலைவர், "இன்னாமா தூக்குது பாரு!" என்று எல்லார் முன்னாலும் அவன் முதுகில் தட்டினார். ஆத்திரத்தில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். கூழ் அண்டாக்களுக்கு இடம் விட, பேஸ் பெட்டிகளைச் சாரத்துக்கு ஏழடி பின்னால் மதிலோரம் தள்ளியிருந்தான். அவ்வளவு பின்னாலிருந்து வரும் அடி அரை மூச்சு பிந்தித்தான் வரும்; சாரத்துப் பெட்டி இழுக்கும்போது இது தள்ளும். ஒயர் சரியாக இருந்திருந்தால் அவன் மானம் தானாகவே போயிருக்கும். நான் திருப்பிப் போட்டேனா, இரண்டும் சேர்ந்துகொண்டன.

சாயங்காலம் ஒரு தூக்கில் கூழோடு வந்தான். "சகல, குங்குமம் மைனஸ்ல கீது. இந்த வேலை தெரிஞ்சவன், வயிறு எரிஞ்சவன், ஊர்ல நீ ஒருத்தன்தான். சரி பண்ணலாம்னு மாத்திப் பாத்தேன், சத்தமே செத்துப்போச்சு. திரும்ப நீ வெச்சா மாதிரியே வெச்சுட்டேன். இந்தா, குடி" என்று சிரித்தான். அம்மன் கூழ், கொட்ட முடியுமா? குடித்தேன். ஒவ்வொரு மடக்கும் நெருப்பாக இறங்கியது.

இப்போது அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. பெட்டிகள் புதுசு. கோயில் மட்டும் இன்னும் அவனிடம்தான். போன ஆடியிலும் அண்டாக்கள் அதே இடத்தில், பெட்டிகள் அதே மதிலோரம், குங்குமம் மைனஸில். பம்பை அடி நெஞ்சில் வந்து விழுந்தது. கண்ணை மூடி, கை கூப்பி, மனதார வேண்டிக்கொண்டேன்: "தாயே, அடுத்த வருஷம் கூழ் அண்டாவை வேற இடத்துல வைக்கச் சொல்லு. பெட்டி ஏழடி முன்னால வரட்டும். மிச்சத்தை அந்த ஒயரே பாத்துக்கும்."