மூடி போடாத கிண்ணம்

இதுவரை பிறந்த, இனி பிறக்கப்போகிற லிஃப்ட் மெக்கானிக்குகள் அத்தனை பேரும் வரிசையில் நின்று இந்த மனுஷனுடைய ஸ்பேனரைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். பதினேழு மாடியை ஒற்றைக் கையால் ஏற்றி இறக்கியவர். அப்பேர்ப்பட்ட சூரரால் முடியாத காரியம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு வேளைச் சாப்பாட்டைச் சூடாக முடிப்பது.

கம்பெனி போன் விடாது. எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் முதல் மணி அவருக்குத்தான். இருபது வருஷமாகப் பாதித் தட்டின் மேல் மூடியைக் கவிழ்த்துவிட்டு ஓட்டம். "உங்க அப்பாவுக்கு நான் தட்டு வைக்கிறதே மூடத்தான்டி" என்பாள் மனைவி, மகளிடம்.

புது மாதிரி லிஃப்ட்டைப் பழகிக்கொள்ள, கம்பெனி அவரை மூன்று வாரம் வெளிநாட்டுக்கு அனுப்பியது. அங்கே அந்தப் போன் வேலை செய்யவில்லை. விடுதிக்குக் கீழே எட்டு ஸ்டூல் போட்ட ஜப்பான் கடை. ராமென் என்றார்கள், நூடுல்ஸும் சூப்பும் ஒரே கிண்ணத்தில். முதல் நாள், கைப்பழக்கத்தில், ஒரு வாய் தின்றுவிட்டுப் பக்கத்துத் தட்டை எடுத்துக் கிண்ணத்தை மூடினார். கடைக்காரருக்கு வந்ததே கோபம்! கரண்டியோடு ஓடிவந்து தட்டைப் பிடுங்கி, ஊறிப்போகும், இப்போதே தின்னு என்று கைஜாடையில் திட்டித் தீர்த்தார். சாப்பிடச் சொல்லி அவரைத் திட்டிய முதல் ஆள். மெக்கானிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். மூக்கு ஒழுகியது, கண்ணும்தான். காரம் என்று சொல்லிக்கொண்டார். அதில் காரமே இல்லை.

மூன்று வாரமும் அதே ஸ்டூல்.

திரும்பி வந்து, எலும்பு வாங்கி, காலையிலிருந்து கொதிக்கவிட்டு அவரே செய்தார். போன் அடித்தது. வந்து பார்த்தால் கிண்ணத்தில் கூழ். அடுத்த ஞாயிறும் கூழ். அதற்கடுத்ததும்.

"நமக்குக் கொடுத்து வைக்கலை" என்று தொட்டியில் கொட்டினார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை பார்த்துவிட்டுப் படிப்புக்கு முழுக்குப் போட்ட மகள், வால் மட்டும்தான் குறை. நாலாம் ஞாயிறு, அவர் நூடுல்ஸ் வடிக்கிற நேரம் பார்த்து, போனைச் சைலண்ட்டில் போட்டு அரிசி டப்பாவின் அடியில் புதைத்தாள்.

மெக்கானிக் உட்கார்ந்து உறிஞ்சினார். ஒரே ஒரு தடவை கை நின்றது. பிறகு குனிந்து, கிண்ணத்தைத் தூக்கி, முழுசையும் குடித்தார்.

அதே நேரம் பதினோராம் மாடிக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே, தையல் வேலை பார்க்கிற ஓர் அம்மா ஒன்றரை மணி நேரம் இருட்டில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். வெளியே எடுத்தபோது இரண்டு கையும் வீங்கியிருந்தன.

மறுநாள் கம்பெனி போனைத் திருப்பி வாங்கிக்கொண்டது. வேலையையும். "சைலண்ட்ல கிடந்துச்சு சார், என் தப்பு" என்றார் மேனேஜரிடம்.

இப்போது மூன்று வேளையும் தட்டு சூடாக வருகிறது. தொண்டையில்தான் இறங்குவதில்லை.

மகள் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து மேனேஜருக்கு எழுதினாள்: 'போனை ஒளிச்சது நான். அப்பா மேல தப்பில்லை.' செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து ஒரு கை தாளை உருவியது.

"கோழி கிளறின மாதிரி இருக்கு உன் எழுத்து."

"குடுங்கப்பா. உண்மையைத்தான் எழுதியிருக்கேன்."

"பாதி உண்மை." நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "மூடின கதவுக்குப் பின்னால எந்த மோட்டார் முனகுதுன்னு காதாலயே சொல்றவன்டி நான். போன் அதிர்ந்து அரிசி டப்பா உறுமினா கேக்காதா?"

மாட்டிய ஒற்றைச் செருப்பை அவள் கழற்றினாள்.

"முதல் தடவையே கேட்டுச்சு" என்றார். "சூப் சூடா இருந்துச்சு."