சலவைக்குப் போன நாற்பத்தாறு உறைகள்

எங்கள் வீட்டில் நாற்பத்தாறு இசைத்தட்டுகள் இருந்தன. நாற்பத்தாறும் ஜாஸ். அறுபதுகளின் நடுவில், திருப்பூரில், பனியன் கம்பெனி மெஷின் ஃபிட்டர் ஒருவரின் வீட்டுக்கு அவை எப்படி வந்து சேர்ந்தன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பல்சக்கரம் கடைந்து வாங்குவதற்காக அப்பா போத்தனூர் போனார். திரும்பும் வழியில், ரயில்வே காலனியில் ஒரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே பல்சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். ஜன்னலுக்குள் கிராமபோன் ஓடிக்கொண்டிருந்தது. மாலை ரயிலும் போயிற்று, அதற்கு அடுத்த ரயிலும் போயிற்று. அந்த வீட்டுக்காரர் ரயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர். யாரோ திருட வந்திருக்கிறான் என்று கம்போடு வெளியே வந்தவர், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாராம். அதன்பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா போத்தனூருக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவார். மூன்று வருடம் இப்படிப் போயிற்று. அந்தத் துரையும் அவர் மனைவி துரையம்மாவும் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளிடம் போய்விடுவது என்று முடிவானதும் கிராமபோனையும் தட்டுகளையும் அப்பாவிடமே கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு அப்பா கொண்டுபோனது ஒரு டஜன் பனியன், பெரிய சைஸ்.

அன்று என்னையும் நோட்டோடு கூட்டிப்போனார். தட்டுகளின் நடுவில் ஒட்டியிருந்த லேபிள்களைக் கரப்பான் தின்று தீர்த்திருந்தது. மிச்சம் இருந்ததும் இங்கிலீஷ். அப்பா ஐந்தாவதோடு நின்றவர், நான் அப்போது ஐந்தாவது. ஆகவே துரை ஒவ்வொரு தட்டாக எடுத்து ஓர் அடையாளம் சொல்ல, நான் எண் போட்டு எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எண் 8: பூனை நடப்பது போல் ஆரம்பம். எண் 19: நடுவில் ஒருவர் சிரிப்பார். எண் 22: மழை நாளுக்கு. எண் 31: முதலில் கிளாரினெட் தனியாக, பிறகு எல்லாரும், துரையம்மா கல்யாணம்.

காகித உறைகள் மட்கிப் போயிருந்தன. அப்பா கம்பெனியில் கழிந்த துணியில் புது உறை தைத்தார். வட்ட மெஷினில் பனியன் துணி குழாய் போலத்தான் இறங்கும் என்பதால் பக்கங்களைத் தைக்க வேண்டியதில்லை, அடியில் ஒரு தையல் போதும். சலவை காணாத பழுப்புத் துணி. ஒவ்வோர் உறையின் வலது கீழ் மூலையிலும் மை பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எண்ணை நான் எழுதினேன். ஒரு வாரம் என் நாக்கு ஊதாவாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தபின் அப்பா பனியன் வேஸ்ட்டால் தட்டுகளைத் துடைப்பார். பிறகு இரண்டோ மூன்றோ போட்டுக் கேட்பார். சாவி கொடுப்பது அவர், முள் மாற்றுவது நான். அம்மா அந்த நேரத்தில் பின்கட்டில் இருப்பாள். கம்பெனியிலிருந்து பண்டல் பண்டலாக வரும் பனியன்களில் நூல் பிசிறு வெட்டிக் கொடுப்பது அவள் வேலை. அப்பாவின் ஜாஸுக்கு அவள் வைத்த பெயர் ஊதல். “ஊதல் முடிஞ்சுதுங்களா? சோறு ஆறுது” என்று உள்ளிருந்து குரல் வரும். அப்பா என்னிடம் மட்டும் மெதுவாகச் சொல்வார். “ஆளுக்கு ஒரு மெஷின் ஓட்டறாங்க அம்மிணி. ஒண்ணு வேகமா, ஒண்ணு மெதுவா. ஆனா துணி ஒண்ணாத்தான் எறங்குது பாரு.” எனக்குத் துணி எதுவும் தெரியாது. ஆனாலும் தலையாட்டுவேன்.

அந்த வருடம் பொங்கல் நோம்பி கழிந்து ஒரு மாதம் இருக்கும், துரையிடமிருந்து கடிதம் வந்தது. பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொடுத்துப் படித்தோம். கப்பலுக்குப் போக இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. வரும் ஞாயிறு மாலை மூன்றரைக்கு இருவரும் வருகிறார்கள், ஐந்தே காலுக்கு ரயிலேற வேண்டும். கல்யாணத்தன்று ஆடிய அந்தத் தட்டை மனைவி ஒரே ஒரு முறை கேட்க ஆசைப்படுகிறாள், அவ்வளவுதான். வீடு வரும்வரை அப்பா “முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணு” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இனி அம்மா செய்ததைச் சொல்ல வேண்டும். பழுப்புத் துணியில், மெஷின் எண்ணெய்க் கறையோடு, பென்சில் கிறுக்கலோடு இருக்கும் உறைகளை அவ்வளவு தூரம் வருகிறவர்கள் முன்னால் எப்படி எடுத்து வைப்பது என்று அவளுக்கு மனம் கேட்கவில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தவிர, பனியன் துணியில் மை பென்சிலால் ஓர் எண் இருந்தால் அது பண்டல் குறி, சலவையில் போக வேண்டிய எண் என்றுதான் எங்கள் ஊரில் அர்த்தம். போகாமல் இருந்தால்தான் சலவைக்காரனைத் திட்டுவார்கள். அவளுடைய தம்பி, என் மாமா, ஒரு சலவைப் பட்டறையில் வேலை பார்த்தார். சனிக்கிழமை காலை, நானும் அப்பாவும் இல்லாத நேரத்தில், தட்டுகளையெல்லாம் உருவி, வரிசை பார்க்காமல் கட்டிலில் அடுக்கிவிட்டு உறைகளை மாமாவிடம் கொடுத்தனுப்பினாள். கம்பெனித் துணியோடு சேர்த்து அவையும் பிளீச்சிங் தொட்டியில் இறங்கின.

அன்று மாலை அப்பா வேலை முடிந்து வந்தபோது, நாற்பத்தாறு உறைகளும் கொக்குபோல் வெளுத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் அம்மா, பாராட்டை எதிர்பார்த்து நின்றாள்.

அப்பா உறைகளைப் பார்த்தார். கட்டிலில் இருந்த கருப்பு அடுக்கைப் பார்த்தார். “நல்ல வெள்ளை” என்றார்.

நான்தான் அழுதேன். என் கையெழுத்து நாற்பத்தாறு இடத்தில் போயிருந்தது. நோட்டில் எண் 31 பத்திரமாக இருந்தது, ஆனால் எந்தத் தட்டு எண் 31 என்று சொல்ல உலகத்தில் எதுவும் மிச்சமில்லை. என் அழுகையிலிருந்துதான் அம்மாவுக்கு விஷயம் புரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“கம்பெனி நம்பருன்னு நெனச்சுட்டேனுங்க. அந்தம்மா கப்பலேறிப் போயிருவாங்களே. என்னால கேக்காமப் போயிருவாங்களே.”

அப்பா ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அதையும் வைத்தார். வெகுநேரம் யோசித்தார்.

“ஒண்ணும் ஆகலை. காலைல எல்லாத்தையும் போட்டுக் கேட்டா கெடச்சரும். ஆனா என்னொருத்தனால முடியாது. நீயும் உக்கோரோணும்.”

“எனக்கென்னுங்க தெரியும் அதைப் பத்தி?”

“காது இருக்குதில்ல?”

கணக்கை நான் போட்டேன். தட்டுக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு மூன்று நிமிடம், சாவிக்கும் முள்ளுக்கும் அரை நிமிடம். மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கும் மேல். காலை ஆறரைக்கு ஆரம்பித்தோம். நான் நோட்டோடு ஒரு மூலையில். அப்பா கிராமபோனுக்கு முன்னால். அம்மா அவருக்குப் பக்கத்தில், மடியில் ஒரு பண்டல் பனியனும் கையில் கத்தரிக்கோலுமாக. வெறுங்கையோடு உட்கார அவளுக்கு வராது.

முதல் தட்டு முடிந்ததும் சொன்னாள். “எல்லாரும் ஒண்ணாப் பேசறாங்களே, பந்தில எடம் புடிக்கறாப்பல.”

“சண்டையில்ல புள்ள. ஒருத்தரு சொன்னதை அடுத்தவரு மாத்திச் சொல்றாரு. சித்த கேளு.”

மூன்றாவது தட்டில் வாயை அடைத்த டிரம்பெட் ஒன்று வந்தது. “இவருக்குச் சளி புடிச்சிருக்குதுங்க” என்றாள் அம்மா. அப்பா சிரித்ததில் அவருக்குப் புரையேறியது. ஒன்பதாவது தட்டு கிளாரினெட்டோடு ஆரம்பித்தது. மூவரும் நிமிர்ந்தோம். இரண்டாவது நொடியிலேயே டிரம் சேர்ந்துகொண்டது. “தனியாக” என்று நோட்டைத் தட்டிக் காட்டினேன். பதினோராவதில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார், அம்மாவும் கூடவே சிரித்தாள். அது எண் 19. உடனே உறையில் எழுதிவிடலாம் என்று பென்சிலைத் தேடினேன். “துணி ஈரமா இருக்குது, மை பரவும்” என்றார் அப்பா. தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஈரமாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. அடுக்கில் மேலிருந்து வரிசையாக எடுப்பதுதானே முறை? அவர் ஒன்றை எடுத்துப் பார்ப்பார், அடியில் சொருகுவார், நடுவிலிருந்து வேறொன்றை உருவுவார். “இப்படி எடுத்தாப் போட்டதையே போடுவோமுங்கப்பா” என்றேன். “போட மாட்டோம் அம்மிணி” என்றார்.

எட்டரை மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். “ஏனுங்கக்கா, காலங்காத்தால ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருக்காங்களா?”

“இல்லீங்க, ரிக்கார்டு ஒண்ணு தொலைஞ்சு போச்சுங்க, தேடறோம். உள்ள வாங்க” என்றாள் அம்மா, பத்து வருடமாக இதே வேலையாக இருப்பவள்போல. அக்காவும் ஒரு பண்டலை மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் இரண்டு கத்தரிக்கோல்களும் பாட்டின் அடிக்கு ஒத்துப் போகத் தொடங்கின. அப்பா அதைக் கவனித்தார்.

பத்து மணிக்கு மேல் மெதுவான தட்டு ஒன்று வந்தது. கத்தரிக்கோல் நின்றது. முடிந்ததும் அம்மா, “இதை இன்னொருக்காப் போடுங்க” என்றாள். நேரம் இல்லை என்று நான் நோட்டைக் காட்டினேன். அப்பா அதற்குள் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் தட்டை மூன்று முறை கேட்டோம். நாற்பது தட்டு முடிந்தபோது அம்மாவின் முகம் மறுபடி வாடியது. மிச்சம் ஆறு. ஒருவேளை அந்த ஒன்று உடைந்து போயிருந்தால்?

நாற்பத்தோராவதில் கிளாரினெட் தனியாக வந்தது. யாரோ ஒருவர் காலி வீட்டுக்குள் நடந்து ஒவ்வொரு ஜன்னலாகத் திறப்பதுபோல் இருந்தது. பிறகு எல்லாரும் சேர்ந்தார்கள்.

“இதானுங்க” என்றாள் அம்மா, நான் நோட்டைப் புரட்டுவதற்கு முன்பே.

அடுப்புப் பற்றவைத்தபோது பன்னிரண்டரை. வருகிறவர்களுக்காக அப்பா ரொட்டியும் ஊத்துக்குளி வெண்ணெயும் வாங்கி வைத்திருந்தார். எங்களுக்கு அம்மா அவசரமாக அரிசிம்பருப்பு சோறு ஆக்கினாள். குதிரை வண்டியில் வந்து இறங்கிய துரையம்மா, வாசம் பிடித்து, ரொட்டியை ஒதுக்கிவிட்டு அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உறைகளைத் தடவிப் பார்த்து, “எவ்வளவு வெள்ளை” என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா சலவைக் கதையைச் சொன்னார், எண்கள் போனதையும் ஐந்து மணி நேரம் தேடியதையும்.

எண் 31 சுழன்றது. கிளாரினெட் தனியாக இருந்தவரை துரையம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எல்லாரும் சேர்ந்ததும் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் துரையைப் பார்த்துக் கையை நீட்டினார். எங்கள் வீட்டின் முன்னறை பத்துக்கு எட்டு. கட்டிலுக்கும் பனியன் பண்டல்களுக்கும் நடுவில், நான்கு தப்படி அந்தப் பக்கம், நான்கு தப்படி இந்தப் பக்கம், இருவரும் ஆடினார்கள். ஒரு பண்டல் சரிந்தது. யாரும் எடுக்கவில்லை.

மூச்சு வாங்க உட்கார்ந்தபின் துரையம்மா கேட்டார். “அந்த இன்னொண்ணு இருக்குதாப்பா? மழைக்குப் போடறது? எங்க பொண்ணு பொறந்தப்போ போட்டோம்.”

அப்பா கட்டில் பக்கம் திரும்பினார். நாற்பத்தைந்து தட்டு, எல்லாம் ஒரே கருப்பு. கையை விட்டு நடுவிலிருந்து ஒன்றை உருவினார், துடைத்தார், முள்ளை வைத்தார். எண் 22.

“நம்பரெல்லாம் போயிருச்சுன்னியே?” என்றார் துரை.

“கைக்கு வந்துதுங்க.”

துரை அப்பாவைப் பார்த்தார். பிறகு, கிராமபோனுக்குப் பக்கத்தில் காலையில் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்து அப்பாவின் முதுகில் ஓர் அடி வைத்தார். அப்பாவின் காது சிவந்தது. சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு இன்று அதிர்ஷ்டம் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அவர்கள் ஐந்தே கால் ரயிலுக்குப் போனார்கள். அடுத்த ஞாயிறு நான் நோட்டோடு தயாராக இருந்தேன், ஒவ்வொன்றாகக் கேட்டு உறைகளில் மறுபடி எண் எழுத. அம்மாவும் விடிவதற்குள் வேலையை முடித்துவிட்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். “எந்த நம்பரு எதுன்னு கண்டுபுடிக்க நானும் வேணுமில்லீங்க?” என்றாள். ஆமாம் என்று அப்பா தலையாட்டினார். ஆனால் எழுத விடவில்லை. அந்த வாரம் பென்சிலைக் காணோம் என்றார். அதற்கடுத்த வாரமும் காணோம். எண் இருந்தால் தேட வேண்டியதில்லை, தேட வேண்டியதில்லை என்றால் மூன்று பேர் உட்கார வேண்டியதில்லை என்பது பத்து வயதில் எனக்குத் தோன்றவில்லை. நான் வாத்தியாரிடம் கேட்டு, புதிய மை பென்சில் ஒன்று வாங்கிவந்து, சீவி, அப்பாவின் கையில் கொடுத்தேன். மிகவும் மரியாதையாக வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அதையும் தொலைத்துவிட்டார். இவ்வளவு பொறுப்பில்லாத மனிதரிடம் அந்தக் கம்பெனி எப்படி மெஷின்களை நம்பிக் கொடுக்கிறது என்று நான் வெகுநாள் கவலைப்பட்டேன்.