ஒரு சிகரெட்டுக்கு ஒரு கேரட்

அந்த லிஃப்ட் மெக்கானிக்கின் வேலைப் பையைத் திறந்தால் ஸ்பானர்களுக்கு நடுவில் கேரட் கிடக்கும். அதனால் கம்பெனியில் அவருக்குப் பெயர் 'பழக்கடை'. கேரட் பழமே இல்லை என்று அவர் வாதாடிப் பார்த்ததும் உண்டு. பட்டப்பெயர் வைத்தவர்கள் அதற்கெல்லாம் அசைவார்களா?

சிகரெட் பழக்கம் வேலைக்குச் சேர்ந்த வருஷமே ஒட்டிக்கொண்டது. லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் எண்ணெய் நாற்றம் குமட்டும். மேலே ஏறி வந்ததும் ஒரு தம். முதலில் நாற்றம் போக, பிறகு அலுப்புத் தீர, அப்புறம் சும்மா. கல்யாணத்துக்கு முன்னால் விட்டுவிடுவதாகச் சொன்னார். மகள் பிறந்ததும் விடுவதாகச் சொன்னார். மகள் நடக்கக் கற்று, பேசக் கற்று, பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டாள். அப்பாவின் வாக்குறுதி மட்டும் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தது.

இந்த லட்சணத்தில்தான் அவர் ஒரு பத்திரிகையைப் படித்தார். ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்கு உதிரி பாகம் வந்து சேரும்வரை அங்கிருந்த பல் டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தபோது கையில் சிக்கியது. உணவைச் சக்தியாக மாற்றும்போது உடம்புக்குள் சில அடங்காத மூலக்கூறுகள் உண்டாகின்றனவாம். அவை அளவுக்கு மீறினால் நல்ல செல்களைக் கெடுக்குமாம். சிகரெட் புகை அவற்றை மூட்டை மூட்டையாக உள்ளே கொண்டுவந்து கொட்டுமாம். நிறமுள்ள காய்களிலும் பழங்களிலும் கீரைகளிலும் இருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் அவற்றை அடக்க உதவுமாம். சிகரெட்டை விட்டே ஆக வேண்டும் என்றும் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்கு வந்தபோது மட்டும் நம்மவர் கண்ணில் தூசி விழுந்துவிட்டது.

துருவைப் பற்றி அவருக்கா தெரியாது? இரும்பு துருப்பிடிக்கும், கிரீஸ் பூசினால் தாக்குப்பிடிக்கும். அந்த மூலக்கூறுகள் துரு என்றால் உடம்புக்குக் கேரட்தான் கிரீஸ் என்று முடிவுகட்டினார். அன்றிலிருந்து ஒரு சிகரெட்டுக்கு ஒரு கேரட். வேலைக்குப் போன இடத்திலும் அதே கணக்கு, வீட்டு ஜன்னலோரத்திலும் அதே கணக்கு. புகை மகள் பக்கம் போகிறதே என்று மனைவி முறைத்தபோது, அதற்கும் அவரிடம் வழி தயாராக இருந்தது. மகள் கையில் ஒரு கேரட்டைக் கொடுத்தார்.

"இதச் சாப்பிட்டுடு கண்ணு. அப்புறம் அப்பாவோட புகை உன்னை ஒண்ணும் பண்ணாது."

மனைவி சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். கறை எது, கறையை மறைப்பது எது என்று தெரிந்தவள். வீட்டுக்கு நெருப்பு வைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரும் வைக்கிற ஆள் நீங்கள் என்றாள். அவர் சிரித்தார். நல்ல உவமை என்று பாராட்டவும் செய்தார், மகராசன்.

மகளுக்கு இருமல் வந்தது. கேரட்டோடு ஆரஞ்சும் கொய்யாவும் கறுப்புத் திராட்சையும் வீட்டுக்கு வந்தன. இருமல் போகவில்லை. ஒருநாள் சாயங்காலம் பள்ளிவிட்டு வந்தவள் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு விட்டால் விசில் மாதிரி சத்தம். ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்க்கிறவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மனைவி வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. அவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி, தெருமுனை கிளினிக்குக்கு ஓடினார்.

டாக்டரம்மா குழந்தையின் முகத்தில் மருந்துப் புகை வரும் மாஸ்க்கை வைத்தார். நெஞ்சிலும் முதுகிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். மூச்சு கொஞ்சம் சீரானதும், வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பதுண்டா என்று கேட்டார்.

மெக்கானிக்கின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் அதிலிருந்த சிகரெட் பாக்கெட்டை மூடிக்கொண்டது. எப்போதாவது, வெளியே, ஒன்றிரண்டு என்று சொல்ல வாய் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்குள் மகள் மாஸ்க்கை இழுத்து இறக்கினாள்.

"அப்பா மேல தப்பில்ல டாக்டர். நான்தான் கேரட்ட சாப்பிடாம ஜன்னல் வழியா தூக்கிப் போட்டுட்டேன். ரொம்ப நாளா போடறேன். அதான் எனக்கு இருமுது."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். திருடி மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போல அவள் காது சிவந்திருந்தது. டாக்டரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவைப் பார்த்தார்.

அவர்தான் விளக்க வேண்டியிருந்தது. பத்திரிகை, துரு, கிரீஸ், கேரட் எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொன்னார். கம்பெனியில் அத்தனை பேரிடம் பெருமையடித்த சங்கதி, அந்தச் சின்ன அறையில் சொல்லச் சொல்ல நாறியது. டாக்டரம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. காயும் பழமும் குழந்தைக்கு நல்லதுதான், தொடர்ந்து கொடுங்கள் என்றார். ஆனால் பக்கத்தில் நின்று ஊதும் புகையை எந்தக் கேரட்டும் தடுக்காது என்றார். மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. போன வாரம்தான் ஒரு கட்டட மேனேஜரை அவரே காய்ச்சி எடுத்திருந்தார்: லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் ஒழுகுவதை நிறுத்தாமல் கிரீஸ் பூசச் சொல்கிறீர்களே, உங்களுக்கு அறிவிருக்கிறதா என்று.

அவருக்குத் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மகள் உட்கார்ந்திருந்த கிளினிக் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"உன் மேல தப்பே இல்லம்மா. எல்லாம் அப்பா பண்ணினது. நீ கேரட் சாப்பிட்டிருந்தாலும் இருமல் வந்திருக்கும்."

அவள் நம்பவில்லை. நேற்றுவரை வேறு மாதிரி சொன்னவரும் இதே அப்பாதானே. இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்ய நினைத்தார். அந்த வார்த்தை அவர் வாயில் பட்ட பாட்டை நினைத்து அவருக்கே கூசியது. மாஸ்க்கை எடுத்து மறுபடி அவள் முகத்தில் வைத்துப் பிடித்தார். கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

மாஸ்க்குக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது.

"அழாதீங்கப்பா. நாளையிலருந்து ரெண்டா சாப்பிடறேன்."