ராக்கப்பன் தப்பவிட்ட மான்கள்

ராக்கப்பனின் கட்டிலில் மூட்டைப்பூச்சிகள் பிள்ளைகுட்டியோடு நிம்மதியாகக் குடும்பம் நடத்தின. அரபு நாட்டில் அல் கூஸ் அன்றைக்கு வெறும் மணல். அதில் வரிசையாகப் பலகைக் கொட்டகை போட்டு, கேம்ப் என்று பெயர் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை லீவு நாளில் மற்றவர்கள் கட்டிலை வெயிலில் போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிப் பூச்சிகளை ஒழித்துக் கட்டுவார்கள். இவன் மட்டும் கட்டிலை மெல்ல உதறிவிட்டு வேறு இடம் பார்க்கச் சொல்லுவான். அதுகளும் பார்க்கும். அடுத்த கட்டில் வேலுச்சாமியுடையது. “உன் விரதத்துக்கு என் ரத்தந்தானாய்யா கிடைச்சுது?” என்று வேலுச்சாமி அவனைத் திட்டாத வாரம் கிடையாது.

விரதம் என்பது பொய்யில்லை. சிவகங்கைப் பக்கத்தில் பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் புருஷன்காரன் ஓர் உயிரைக் கொல்லக் கூடாது, முகம் மழிக்கக் கூடாது. ஊரில் நாகவள்ளி முழுகாமல் இருந்தாள். இது மூன்றாவது. முதல் பிள்ளை நாலாம் மாதமே கரைந்துபோனது. இரண்டாவது முழுசாய்ப் பிறந்தது, ஆனால் அழவில்லை. அந்தத் தடவைதான் மாசியில் ஊரே பாரிவேட்டைக்குக் கிளம்பியபோது, சும்மா இருக்க மாட்டாமல் இவனும் போய் ஒரு முயலை அடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான். பிறகு கோடாங்கி உடுக்கை அடித்து, அப்பன் கையில் உயிர்ப்பழி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். நாகவள்ளி அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருந்தால் அவனுக்கு மனசு ஆறியிருக்கும்.

இப்போது ஊரிலிருந்து வந்த ஒரு ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். தையில் பிரசவம், இந்தத் தடவை நீங்கள் பக்கத்தில் இருந்தால்தான் பிள்ளை தங்கும், எப்படியாவது வந்துவிடுங்கள் என்று. எப்படி வருவான்? சித்திரையில்தான் லீவு முடிந்து திரும்பியிருந்தான். அடுத்த லீவுக்கு ரெண்டு வருஷம் கழிய வேண்டும். பாஸ்போர்ட்டோ கபீலின் இரும்புப் பெட்டியில். கபீல் என்றால் விசா கொடுத்த முதலாளி. அவர் மனசு வைத்தால்தான் எவனும் விமானம் ஏற முடியும்.

இவனுடைய கபீல் பெயர் சயீத். ஆட்கள் அவரை அர்பாப் என்பார்கள். ஐம்பத்தைந்து வயசிருக்கும், பெரிய சரீரம். சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் போர்மேன் கலீலுர் ரஹ்மான் வேறு மாதிரி சொன்னார். கீழக்கரைக்காரர், அரபி தண்ணீர்பட்ட பாடு. அர்பாப்பிடம் காகிதம் நீட்டினால் கதை நடக்காது, மனசு குளிர்ந்திருக்கிற நேரம் பார்த்துக் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார் என்றார். மனசு குளிர வைக்க வழியும் அவரே கண்டுபிடித்தார். அர்பாப்புக்கு மான் வேட்டை என்றால் உயிர். கூட வந்த பழைய ஆட்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மகன்களுக்கு ஏசி ரூமை விட்டு வெளியே வர மனசில்லை. ராக்கப்பன் கதையோ கேம்ப் முழுக்கத் தெரிந்தது. ஊரில் அடித்ததாக இவனே வாய்விட்டுச் சொன்ன அந்த ஒற்றை முயல், கொட்டகைக்குக் கொட்டகை பேச்சில் வளர்ந்து, கொம்பு முளைத்து, கலைமானாகவே ஆகியிருந்தது. கலீலுர் ரஹ்மான் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, நம்மிடம் ஒரு மான் வேட்டைக்காரன் இருக்கிறான் என்று அர்பாப்பிடம் போட்டுவிட்டார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். வெள்ளிக்கிழமை விடிகாலை கேம்ப் வாசலில் லேண்ட் ரோவர் வந்து நின்றபோது ராக்கப்பன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். மான் விழுந்தால் பழி வயிற்றுப் பிள்ளைக்கு. விழாவிட்டால் அர்பாப் முகம் சுண்டிப்போகும், ஊர்ப் பயணமும் போச்சு. சுடப்போவது அவர்தானே, எனக்கென்ன என்று சமாதானம் சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை. அவர்கள் ஊர்ப் பாரிவேட்டையில் அடித்தவனுக்கு மட்டும்தான் கறி என்று கிடையாது. மிருகத்தைக் கண்டு காட்டினவனுக்கும் ஒரு பங்கு உண்டு. கறியில் பங்கு என்றால் பாவத்திலும் பங்குதானே? இருதலைக்கொள்ளி எறும்பாக வண்டியில் ஏறி உட்கார்ந்தான். மாதக்கணக்காய் மழிக்காத அவன் தாடியைப் பார்த்து, ஆண்பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அர்பாப் தட்டிக்கொடுத்தார்.

தார் ரோடு முடிந்ததும் டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு மணல்மேட்டுக்குள் இறங்கினார்கள். வெயில் ஏறும் வரை ஒன்றும் தென்படவில்லை. ஒரு மரத்தடியில் அர்பாப் வண்டியை நிறுத்தி, தடம் பார்க்கச் சொன்னார். ராக்கப்பன் குனிந்தான், முகர்ந்தான், கீழே கிடந்த புழுக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தான். பிறகு பெரிய மனுஷன் தோரணையில், நேற்றுப் போட்டது, கிடா மான், வடக்கே போயிருக்கிறது என்று பாதி அரபியும் பாதி இந்தியுமாக எடுத்துவிட்டான். அர்பாப் அவனையே உற்றுப் பார்த்தார். அந்தப் பக்கம் கைகாட்டினார். மேட்டுக்கு அப்பால் ஒரு கிழவி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள்.

தொலைந்தோம் என்று நினைத்தான். அர்பாப்பின் தோள் குலுங்கியது. கோபம் என்றுதான் முதலில் பயந்தான். பார்த்தால் மனுஷன் சிரிக்கிறார். வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வழிய வழிய, ஆட்டுக் கிடா, ஆட்டுக் கிடா என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அவர் சிரித்து ஓய்வதற்குள் இவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நிஜமாகவே மான்கள் கண்ணில் பட்டன. மூன்று. நம்ம ஊர்ப் புள்ளிமான் மாதிரி இல்லை, ஆட்டுக்குட்டி உயரம்தான், மணலுக்குப் பிறந்தது போல மணல் நிறம். வயிற்றால் ஊர்ந்து மேடேறினார்கள். அர்பாப் மூச்சைப் பிடித்துக் குறி வைத்தார். ராக்கப்பனுக்கு மான் தெரியவில்லை, துணியில் சுற்றிக் கொடுத்த அந்த அழாத பிள்ளையின் முகம்தான் தெரிந்தது. இருமிவிட்டான். வேண்டுமென்றே தொண்டையைக் கனைத்து இருமினான். மூன்றும் ஒரே தாவலில் மறைந்துபோயின. குண்டு மணலில் போய்ச் செருகியது.

அர்பாப் வண்டியை எடுத்துக்கொண்டு துரத்தினார். மணலில் சக்கரம் புதைந்து உட்கார்ந்துகொண்டது. இருவருமாகக் கையால் மணலை வாரி வாரித் தள்ளினார்கள். மேட்டில் ஏறி வழி பார்க்கப்போன அர்பாப் கால் சறுக்கி உருண்டார். பிடிக்கப் போன ராக்கப்பனையும் இழுத்துக்கொண்டு அடிவாரம் வரை வந்து சேர்ந்தார். வாயெல்லாம் மணல். முதலாளியும் கூலிக்காரனும் பொடிப்பயல்களாகக் கிடந்து சிரித்தார்கள். அப்புறம் அர்பாப் சுள்ளி பொறுக்கி, தம் கையாலேயே சோறும் கருவாடும் பொங்கினார். ஒரே தாம்பாளத்தில் இருவரும் சாப்பிட்டார்கள். கல்யாணம் ஆன புதிதில் நாகவள்ளி ஆக்கிப்போட்டதற்குப் பிறகு அவன் அவ்வளவு ருசியாகச் சாப்பிட்டதில்லை. அவளை அந்த நேரத்தில் அவன் நினைக்கக்கூட இல்லை, அதுதான் வேடிக்கை.

பொழுது சாயும் முன்னே தனியாக ஒரு மான் வந்தது. கிட்டத்தில், நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றது. அர்பாப் குறி வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, துப்பாக்கியை இவன் கையில் திணித்தார். வேட்டைக்காரன் நீதானே, நீ சுடு என்று கண்ணாலேயே சொன்னார்.

ராக்கப்பன் பிறந்து வளர்ந்ததில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. சுடத் தெரிந்தவனுக்குக் குறியைத் தப்பவிடுவது ஒரு காரியமா? தெரியாதவன் எப்படித் தப்பவிடுவான்? இடது பக்கம் குறி வைத்தால் குண்டு வலது பக்கம் போய்ப் பட்டுத் தொலைத்தால்? காட்டுக் கருப்பா, இது எங்கேயும் படக் கூடாது என்று குலசாமியை வேண்டினான். துப்பாக்கி கையில் இருக்க, பிழைக்கட்டும் என்று சாமியைக் கும்பிட்ட வேட்டைக்காரன் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான். தோள்பட்டை கழன்றது போல ஒரு உதை. மல்லாந்து விழுந்தான். கண் திறந்தபோது அர்பாப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். மான் தொலைவில் ஓடிக்கொண்டிருந்தது, நாலு காலும் சுகமாக. ராக்கப்பனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

திரும்பும் வழியில் அர்பாப் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். மனசு இதற்கு மேல் குளிராது, இதுதான் நேரம் என்று ராக்கப்பன் வாயைத் திறந்தான். பெண்டாட்டி நிலைமை, போன பிள்ளைகள், தை மாதம் எல்லாவற்றையும் தெரிந்த பாஷையில் கொட்டினான். அர்பாப் கவனமாகத்தான் கேட்டார்.

“என் மூத்தவன் பிறந்தப்போ நான் கடல்ல முத்துக் குளிச்சுக்கிட்டு இருந்தேன்,” என்றார். “கரைக்கு வந்தப்போ அவனுக்குக் கழுத்து நின்னுபோச்சு. பிள்ளையைப் பொம்பளை பெறுவா, அல்லா காப்பாத்துவான். நீ போய் என்ன செய்யப்போறே?”

ராக்கப்பன் மறுபடியும் கெஞ்சினான்.

“நான் இப்படிச் சிரிச்சு வருஷக்கணக்காச்சு. நீயும்தான் சிரிச்சே, நான் பார்த்தேன். குளிர் முடியற வரைக்கும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நாம வர்றோம். சரி, ஒண்ணு சொல்றேன். நீ ஒரு மானைச் சாய்ச்சுக் காட்டு, மறுநாளே பாஸ்போர்ட் உன் கையிலே. கலாஸ்.”

கலாஸ் என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அந்த மனுஷனைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தமக்கு நடந்ததுதான் உலகத்துக்கெல்லாம் நடக்கும் என்று நினைத்தார், அவ்வளவுதான். ஆனால் ராக்கப்பன் நிலையைப் பாருங்கள். அர்பாப் கோபித்துக்கொள்வார் என்று பயந்தான். அவர் சந்தோஷப்பட்டதே வினையாக வந்து விடிந்தது. மானைக் கொன்றால் பிரசவத்துக்குப் போகலாம், பழியைச் சுமந்துகொண்டு. கொல்லாவிட்டால் பிள்ளைக்குப் பழியில்லை, ஆனால் அப்பனும் பக்கத்தில் இல்லை. கேம்புக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு, அழுதாலும் பிள்ளை அவள்தானே பெற வேண்டும் என்று வேலுச்சாமி ஆறுதல் சொன்னான். எல்லோரும் சொல்கிற பழமொழிதான். அன்றைக்கு அதைக் கேட்டு ராக்கப்பன் பல்லைக் கடித்தான்.

மார்கழி முழுக்க, தை பிறந்த பிறகும், வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டி வந்தது. அர்பாப் அவனுக்குச் சுடவும் சொல்லிக்கொடுத்தார். அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, தப்பவிடக் கற்றுக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் விரலை வைக்கும்போது, இதோ இந்த ஒன்றைச் சாய்த்தால் நாளைக்கே ஊர் என்று கை குறுகுறுக்கும். பிரசவ வலியில் நாகவள்ளி வாசலைப் பார்த்துக்கொண்டு கிடப்பது கண்ணில் நிற்கும். ஒரு மயிரிழை தள்ளி வைத்து அழுத்துவான். ஓடுகிற மானைப் பார்த்து அர்பாப் சிரிப்பார். இவனும் சிரிப்பான், இப்போதெல்லாம் வாயால் மட்டும்.

தையில் தந்தி வந்தது. பெண் குழந்தை, இருவரும் சுகம். வெள்ளிக்கிழமை பிறந்திருந்தது. அர்பாப் ஆடு வெட்டிக் கேம்புக்கே விருந்து போட்டு, நீ இல்லாமலே பிறந்துவிட்டது பார்த்தாயா என்று அவன் முதுகில் தட்டினார். குளிர் போனது, பெரிய சைட் ஒன்று ஆரம்பமானது, லீவுப் பேச்சு அதோடு அடங்கியது. ராக்கப்பன் ஊர் போய்ச் சேர்ந்தபோது மகள் ஓடித் திரிந்துகொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள்.

நாகவள்ளி சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். மறுநாள் பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

“இவ பிறந்த அன்னைக்கு என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீக?”

மான் வேட்டைக்குப் போயிருந்தேன் என்று எப்படிச் சொல்லுவான்? கொல்லப் போகவில்லை, கொல்லாமல் இருக்கப் போனேன் என்றால் யார் நம்புவார்கள்? வேட்டை என்ற சொல் காதில் விழுந்தாலே போதும், இனி இந்தப் பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் அவள் நெஞ்சு அதையே நினைத்து அடித்துக்கொள்ளும்.

“டூட்டி,” என்றான்.

அவள் துவட்டி முடித்தாள். துண்டைக் கொடியில் போட்டாள்.

“வெள்ளிக்கிழமை அங்கன லீவுன்னுதானே சொல்லுவீக,” என்றாள்.