கூடத்துச் சுவரில் பனி ஓடை

என் சின்னக்காவைக் கட்டிய அத்தானுக்கு வண்டி நம்பர் பிளேட் எழுதுகிற தொழில். கறுப்பு, வெள்ளை என்று இரண்டு பெயிண்டைத் தவிர உலகத்தில் எதையும் நம்பாத மனுஷன். அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் மொட்டை மாடித் தண்ணீர் கசிந்து, மேலிருந்து கீழ்வரை கறை இறங்கியிருந்தது. அந்தச் சுவரைக் கட்டின கொத்தனார் வேறு யாருமில்லை, அத்தானின் கூடப்பிறந்த தம்பிதான். ஒரு குரல் கொடுத்தால் ஓடி வருவான். ஆனால் ஒரு கல்யாண வீட்டில், அத்தனை சொந்தமும் உட்கார்ந்திருக்கும்போது, "அண்ணன் எழுதுற எட்டு எப்பவும் கோணல்" என்று சொல்லிவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. சொத்துக்காகப் பிரிந்தவர்களை எங்கள் வம்சத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். எட்டுக்காகப் பிரிந்தது இவர்கள்தான்.

"மழைக்கு முன்னாடி உங்க தம்பியை நீங்களே கூப்பிடுங்க. இல்லேன்னா நான் பொண்ணு வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்" என்றாள் அக்கா.

"எதுக்கு அவன்? எங்கிட்ட வேற வழி இருக்கு."

அந்த வழிதான் பனி. கையில் இருந்தது வெள்ளை பெயிண்ட்; கறையை மறைக்கச் சுவரில் பனிக்காட்சி வரைந்தார். பெயர்ந்த காரை பனிமலை ஆயிற்று, கறை ஓடை ஆயிற்று. பனியை அவர் ஃப்ரிட்ஜுக்குள்தான் பார்த்திருக்கிறார். மரங்களெல்லாம் ஒன்றும் ஏழுமாக விறைத்து நின்றன. கரையில் எட்டு மாதிரி ஒரு பனிப்பொம்மை வேறு. வருகிறவர்களிடமெல்லாம், "குளிருதா?" என்று கேட்பார். எங்கள் பெரியப்பா மகனுக்கு வாயில் சனி. "ஓடையில தண்ணி நிஜமாவே ஓடுற மாதிரி இருக்கு அத்தான்" என்றான். அத்தானுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மழை வந்தது. ஓடை நிஜமாகவே ஓடியது. பனிமலை பாளம் பாளமாகச் சோபாவில் வந்து உட்கார்ந்தது. அக்கா பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். அத்தான் பெட்டியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், போனை எடுத்தார்.

"வாடா." அவ்வளவுதான்.

தம்பி சுத்தியும் கரணையுமாக வந்து, படத்தை ஏற இறங்கப் பார்த்தான். பனிப்பொம்மையில் கண் நின்றது.

"எட்டு இன்னமும் கோணல்தான்ணே."

அக்கா குனிந்து பெட்டியைத் தூக்கினாள்.

"எட்டு நேராத்தான் இருக்கு. சுவர்தான் கோணல்" என்றார் அத்தான். "கட்டினவன் எவன்டா?"

தம்பி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "அண்ணி, பெட்டியை உள்ள வச்சுட்டு டீ போடுங்க. வேலை நிறைய இருக்கு."

இப்போது அந்தச் சுவர் பளிச்சென்று வெறும் வெள்ளை. கேட்டால், பனி ஜாஸ்தியாகி எல்லாவற்றையும் மூடிவிட்டது என்கிறார் அத்தான்.